என்னைத் திட்டுவதை நிறுத்திய மனிதர்

1. ஒற்றை நாற்காலி

என் வாழ்நாளில் ஒரே ஒரு வேலைக்குத்தான், அடுத்தவர் திட்டியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லித் தேர்வு வைத்தார்கள். அந்தத் தேர்வில் நான்தான் முதலாவதாக வந்தேன். எழுதியதும் நான் ஒருவன்தான் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் என் மனைவி இதைப் படிப்பாள்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தால் சமையலில் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவேன் என்ற பயத்தில் மனைவியே தேடிப் பிடித்துக் கொடுத்த வேலை இது. டெல்லி ஓக்லாவில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் ஓர் ஒப்பந்த நிறுவனம். பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில் மக்கள் எழுதுகிற பதிவுகளில் வெறுப்புப் பேச்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் எடுத்திருந்த கான்ட்ராக்ட். இந்திக்கு இரண்டு வரிசை நாற்காலி, வங்காளிக்கும் பஞ்சாபிக்கும் ஒவ்வொரு வரிசை. தமிழுக்கு ஒரே ஒரு நாற்காலி. அதற்கும் ஒரு கை இல்லை.

மேனேஜர் ராவத் மலைப்பக்கத்துக்காரர். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவர் பேசியதெல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். 'அங்கிள்ஜி'யை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், அதற்குத் தமிழ் கிடையாது.

முதல் நாள் திரையை என் பக்கம் திருப்பி, "அங்கிள்ஜி, இதைப் படிச்சு அர்த்தம் சொல்லுங்க" என்றார்.

நான் படித்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருவர் இன்னொருவருடைய தாயாரைப் பற்றி, சற்றே மரியாதைக் குறைவாக..." என்று தொடங்கினேன்.

"ஆளைத் திட்டறாரா, ஆளோட கூட்டத்தையே திட்டறாரா?"

"ஆளைத்தான்."

"அப்போ அது வேற கியூ. நம்ம கியூ கூட்டத்தைத் திட்டறவங்களுக்கு. ஜாதி, மதம், ஊர், மொழி. புரிஞ்சுதா?"

இந்தத் தொழிலின் இலக்கணம் முழுவதும் அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் அதையே சொல்லிக்கொடுக்கிறேன், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு.

என் வேலை மூன்று: பதிவைப் பார்த்து லேபிள் போடுவது, நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று எழுதியவருக்குக் காரணக் குறிப்பு அனுப்புவது, அவர் அப்பீல் செய்தால் அதையும் பார்ப்பது. அப்பீலை வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு வேறொருவர் இல்லை. ஆகவே நானே தண்டித்து, நானே மேல்முறையீடு கேட்டு, நானே தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன். இத்தனை அதிகாரம் முப்பத்து நான்கு வருட சர்க்கார் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

2. என் வாசகர்

காரணக் குறிப்பு எழுதுவதில் எனக்குப் பெருமை உண்டு. "தங்களது மேலான பதிவு எமது சமூக நெறிமுறைகளுக்கு முரணாக அமைந்திருப்பதாகக் கருதப்படுவதால்" என்று தொடங்கி, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடிப்பேன். நடுவில் என்ன இருக்கும் என்று எனக்கே சில சமயம் தெரியாது.

அந்தக் குறிப்புகளைக் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் 'ஒளிவுமறைவற்றவன்' என்ற பெயரில் எழுதிவந்தவர். மேற்கு டெல்லியில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கான ஒரு குழுவில் அவர் பெரிய புள்ளி. ஏதோ ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட எழுத மாட்டார். தமிழ் அப்படி இருக்கும், சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு அவர் எழுதியதெல்லாம் ஒரே விஷயம்: குடிசைப் பகுதிகளிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிற தமிழர்களை நம்மவர்கள் என்று சொல்லக் கூடாது, உள்ளே விடக் கூடாது, ஒரே லிஃப்டில் ஏற்றக் கூடாது.

நான் நீக்குவேன். அவர் அப்பீல் செய்வார். பதிவில் இருக்கும் சலவைத் தமிழ் அப்பீலில் இருக்காது.

"ஏ மொழிபெயர்ப்புக் கழுதை! சிரமத்துக்கு வருந்துறியா? உன் வருத்தம் எவனுக்கு வேணும்? நீ ரிடையர்டு கவர்மெண்ட் ஆசாமிதானே? கோப்புக் கட்டிக்கட்டி மூளை மரத்துப்போச்சு உனக்கு."

பெயர் கிடையாது, முகம் கிடையாது, குறிப்பின் அடியில் 'மதிப்பாய்வுக் குழு' என்று மட்டுமே இருக்கும். அதை வைத்தே இந்த மனிதர் என்னைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்! எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். முப்பத்து நான்கு வருடம் நான் மொழிபெயர்த்த சுற்றறிக்கைகளைப் படித்து ஒருவர்கூட ஒரு வரி எழுதியதில்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருமுறை அவர் ரொம்பச் சூடாகி, "எழுதறதைத்தானே அழிப்பே? நான் ஒரு வார்த்தையும் எழுதாம அதுகளோட போட்டோவை மட்டும் போட்டா என்ன பண்ணுவே? எங்க ஆளுங்களுக்கு அதுவே போதும். மத்ததை அவங்களே பாத்துக்குவாங்க" என்று எழுதினார். நான் வழக்கம்போல் சிரமத்துக்கு வருந்தி அப்பீலை மூடினேன்.

3. மாப்பிள்ளை வந்தார்

போன வருடம் எங்கள் ஆபீசுக்கு மொழி மாடல் வந்தது, பதிவைப் படித்துத் தானே தீர்ப்புச் சொல்கிற செயற்கை நுண்ணறிவு. எல்லோரும் 'மாடல்' என்றார்கள். நான் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். வந்த நாள் முதல் உபசாரம் எல்லாம் அதற்குத்தான். அது ஒரு பதிவைச் சரியாகப் பிடித்துவிட்டால் ராவத் கைதட்டுவார். நான் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலிக்கு ஒரு கை போட்டுத் தரவில்லை.

மாப்பிள்ளையை அழைத்து வந்தவள் தீபிகா. ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். மாடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை எழுதுவது அவள் வேலை.

"அங்கிள், இது வெறும் ஃப்ளாக் மட்டும் பண்ணாது. ஏன் வெறுப்புன்னு எக்ஸ்ப்ளெயினும் பண்ணும். மத்லப், அதாவது, காரணக் குறிப்பையும் இதுவே எழுதிடும்."

"தமிழ்லயா?"

"உங்களவிட ஈசியான தமிழ்ல, அங்கிள்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மாப்பிள்ளையின் கையில் முதல் வாரமே ஒளிவுமறைவற்றவன் சிக்கினார். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு லிஃப்டில் நிற்கும் பண்பாடு பிறப்பிலேயே கிடையாது என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை அனுப்பிய குறிப்பு இது:

"லிஃப்ட் அழுக்காக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் அதை நீக்கியிருக்க மாட்டோம். நீங்கள் எழுதியது லிஃப்டைப் பற்றி அல்ல, அதில் ஏறுகிறவர்களின் பிறப்பைப் பற்றி. அதனால் நீக்கினோம்."

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, வருத்தம் இல்லை. நான் அதை ஒரு முறை படித்தேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன். மூன்று வரி! நான் அதே ஆளுக்கு இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த பக்கங்களில் இந்த மூன்று வரி எங்கேயும் இல்லை.

சரி, வரட்டும், அப்பீல் வரட்டும் என்று காத்திருந்தேன். கழுதை என்பார், குறைந்தது எருமை என்பார். மாப்பிள்ளைக்குத் திட்டு விழுகிற அழகைப் பார்க்கலாம் என்று வேர்க்கடலை வாங்கி வைத்துக்கொண்டேன். பதில் வந்தது.

"நன்றி. தெளிவாக விளக்கினீர்கள். பிறப்பு என்ற குறிப்பை நீக்கிவிட்டு எழுதினால் ஏற்பீர்களா?"

நன்றியாம். விளக்கினீர்களாம், ஏற்பீர்களாவாம்! என்னை 'நீ' என்றே அழைத்த மனிதர்.

அன்று வீட்டில் சோறு பாதியில் நின்றது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தன் உங்கள திட்டலைன்னு சோறு இறங்கலையா? நான் வேணா திட்டட்டுமா?"

"நீ திட்டறது வேற."

"என்ன வேற? நானும் முப்பது வருசமா கழுதைன்னுதான் சொல்றேன். எனக்காக ஒரு நாளாவது இப்படி ஏங்கியிருப்பீங்களா?"

4. தீக்காயக் களிம்பு

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்யத் தொடங்கினேன். மாப்பிள்ளை எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ராவத் அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது.

முதலில் நல்ல சரக்குதான் கிடைத்தது. திருநெல்வேலி நண்பர்கள் இருவர், "ஏலே செத்த மூதி, எங்கலே போய்த் தொலைஞ்ச? கல்யாணத்துக்கு வரலன்னா கொன்னுருவேன்" என்று ஒருவருக்கொருவர் அன்பாக எழுதிக்கொண்டதை மாப்பிள்ளை வெறுப்புப் பேச்சு, கொலை மிரட்டல் என்று நீக்கியிருந்தார். நான் அதைப் பிரிண்ட் எடுத்து இந்தி வரிசை முழுக்க ஊர்வலமாகக் கொண்டுபோனேன். தீபிகா சிரித்தாள், அன்று சாயங்காலமே கட்டளையை மாற்றினாள். மறுநாளிலிருந்து மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலி அன்பு புரிந்துவிட்டது. எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

சரக்கு தீர்ந்தது. ஓட்டம் நிற்கவில்லை. மாப்பிள்ளை கமா அதிகம் போடுகிறார் என்று போனேன். வணக்கம் சொல்வதில்லை என்று போனேன். மாப்பிள்ளை வந்ததிலிருந்து ஏசி குளிர் அதிகமாகிவிட்டது என்றுகூடப் போனேன். மாடல் ஓடுகிற சர்வர் இந்தக் கட்டடத்தில் மட்டுமல்ல, இந்த நாட்டிலேயே இல்லை என்று தீபிகா பொறுமையாகச் சொன்னாள்.

நான் கதவைத் தள்ளும்போதே ராவத், "அங்கிள்ஜிக்கு ஒரு சாய்" என்று குரல் கொடுப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கவேண்டியதில்லை.

டெல்லிக்காரர்கள் பொறாமையை 'ஜலன்' என்பார்கள். எரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காலை என் மேஜைமேல் தீக்காயத்துக்குத் தடவுகிற களிம்பு ட்யூப் ஒன்று, ரிப்பன் கட்டி, வைக்கப்பட்டிருந்தது. இந்தி வரிசை முழுதும் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. "எங்கே எரியுதோ அங்கே தடவுங்க, அங்கிள்ஜி" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். மூடியைத் திறந்து, சட்டைக்கு மேலேயே நெஞ்சில் கொஞ்சம் தடவிக் காட்டினேன். கைதட்டு கிடைத்தது. சட்டைக் கறை போகவில்லை.

இதற்கிடையில் ஒளிவுமறைவற்றவனும் மாப்பிள்ளையும் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் திருத்தி எழுதுவார். மாப்பிள்ளை நீக்கிவிட்டு விளக்குவார். "ஒரு குடியிருப்பின் பெயரைச் சொல்லி அங்குள்ள எல்லோரையும் குறை சொல்கிறீர்கள்." நன்றி. "பெயர் சொல்லாவிட்டாலும் 'அந்தப் பக்கத்து ஆட்கள்' என்பது ஒரு குடியிருப்பில் உள்ளவர்களையே குறிக்கிறது." மிக்க நன்றி. ஒவ்வொரு நன்றியும் எனக்கு ஒரு சுளீர். என்ன உறவு இது, கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள்கூட இத்தனை மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை.

5. ரெசிடெண்ட்ஸ் லிஃப்ட்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் திரையில் ஒரு புகார் வந்தது. எழுதியவர் பெயர் மல்லிகா. குரலில் பேசி எழுத்தாக்கியிருந்தார்; முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடியது.

"சார் இது என் போட்டோ சார் என்னைக் கேக்காம எடுத்துப் போட்டுருக்காங்க நான் வீட்டு வேல செய்யறேன் சர்வீஸ் லிஃப்டு ரிப்பேரு பதினோராவது மாடி வாட்ச்மேன்தான் இதுல போக்கான்னாரு ரெண்டு வீட்டுல வரவேணாம்னுட்டாங்க சார் ஞாயித்துக்கெழம மீட்டிங் போட்டு என் கேட் பாஸ கேன்சல் பண்றாங்களாம் பாஸ் போச்சுன்னா அந்த சொசைட்டில ஒரு வீட்டுக்கும் போமுடியாது எடுத்துருங்க சார்"

டெல்லி அடுக்குமாடிகளில் வேலை செய்தவர்களுக்கு கேட் பாஸ் என்னவென்று தெரியும். போட்டோ ஒட்டிய அட்டை. அது இல்லாவிட்டால் வாசல் காவலர் உள்ளே விட மாட்டார். அட்டை போனால் அந்தக் குடியிருப்பில் உள்ள எல்லா வீடும் ஒரே நாளில் போய்விடும்.

பதிவைத் திறந்தேன். லிஃப்டுக்குள் ஒரு பெண், தோளில் பை, கையில் செருப்பு. லிஃப்ட் தரை அழுக்காகிவிடக் கூடாது என்று கழற்றிப் பிடித்திருந்தார் போலிருக்கிறது. முகம் தெளிவாகத் தெரிந்தது. மேலே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இன்று காலை. ரெசிடெண்ட்ஸ் லிஃப்ட்."

பதிந்தவர் ஒளிவுமறைவற்றவன்.

கீழே கமெண்டுகள். "புரிந்தது சார்." "எங்கள் வீட்டுக்கும் வருகிறாள். நாளை முதல் நிறுத்திவிடுகிறோம்." "ஞாயிறு கூட்டத்தில் இந்தப் படத்தையே திரையில் போடுங்கள்."

மாப்பிள்ளையின் தீர்ப்பைப் பார்த்தேன். "இடத்தையும் நேரத்தையும் குறிப்பிடும் படம். எந்தப் பிரிவினரையும் தாக்கும் கருத்து இல்லை. நீக்க வேண்டியதில்லை."

அப்போதுதான் அவருடைய பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தேன். முதலில் பிறப்பு போயிருந்தது. அடுத்ததில் குடியிருப்பின் பெயர் போயிருந்தது. பிறகு 'அந்தப் பக்கத்து ஆட்கள்' போயிருந்தது. மாப்பிள்ளை எதைத் தப்பு என்று காட்டினாரோ அதை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார். வெட்டி வெட்டிக் கடைசியில் எழுத்தே இல்லை, ஒரு பெண்ணின் முகம் மட்டும் மிச்சம். அந்த நன்றியெல்லாம் நட்பு இல்லை. மனிதர் ட்யூஷன் படித்திருக்கிறார்! மாப்பிள்ளை அவர் வீட்டுக்கே போய் இலவசமாகப் பாடம் நடத்தியிருக்கிறார்.

இந்த நேரத்தில் எனக்கு வந்திருக்க வேண்டியது கவலை. வந்தது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கு அரை நொடி முன்னால் ஒரு சந்தோஷமும் வந்தது. மாப்பிள்ளை விழுந்துவிட்டார்!

ராவத் அறைக் கதவைத் தள்ளினேன்.

"அங்கிள்ஜிக்கு ஒரு சாய்!"

"சாய் வேண்டாம் சார். இது சீரியஸ்." படத்தைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

ராவத் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதினவரும் மதராஸி. போட்டோல இருக்கிற அம்மாவும் மதராஸி. இதுல வெறுப்பு எங்கே?"

"சார், ஒரே ஊர்க்காரர்களுக்குள்ளேதான் இது அதிகம். உங்கள் ஊரில் இல்லையா?"

அவர் திரையைத் தட்டினார். "மாடல் ஸ்கோர் பாருங்க. சுத்தம். கேக்காம போட்டோ போட்டது தனியுரிமைத் தப்பு, அது வேற கியூ, அங்கே அனுப்புங்க."

"அங்கே வரிசை நீளம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே வராது. அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும்."

"அங்கிள்ஜி." அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தச் சிரிப்பில் பாசம்கூட இருந்தது. "திங்கக்கிழமை கமா. புதன்கிழமை ஏசி. இன்னைக்கு இது. களிம்பு தீந்துபோச்சா?"

டீ வந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்ததாலேயே அது பொறாமைபோல இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

6. எனக்காக வாதாடியவர்

தீபிகாவின் மேஜைக்குப் போனேன். அவளுக்கும் படம் மட்டும் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பழைய பதிவுகளை வரிசையாகப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அர்ரே... இவர் என் மாடலையே யூஸ் பண்ணிட்டாரா?"

"உன் மாடல் நல்ல வாத்தியார்மா. மாணவர் முதல் வகுப்பு."

"கிண்டல் பண்ணாதீங்க அங்கிள். மாடல் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாத்தான் பாக்குது. முன்னாடி என்ன எழுதினார்னு அதுக்குத் தெரியாது. இதுதான் எய்ம்னு அவர் எங்கயாவது சொல்லியிருக்காரா? சொல்லியிருந்தா ராவத் சாருக்கு ப்ரூஃப்."

"மாப்பிள்ளைகிட்ட சொல்ல மாட்டார். அதுகிட்ட அவர் ரொம்ப டீசென்ட்." சொல்லும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. "என்கிட்ட சொல்லியிருக்கார்!"

மூடிய அப்பீல்களை மாடலுக்குக் காட்டுகிற வழக்கம் அப்போது இல்லை. அவற்றில் என்ன இருக்கப்போகிறது, வெறும் வசவு என்று விட்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். தீபிகாவால் வேகமாகப் படிக்க முடியாது. நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். முதல் நாள் தேர்வு மாதிரியே இருந்தது, இந்த முறை திட்டு எனக்கு. கழுதை, கோப்புக் கட்டி, மூளை மரத்தது எல்லாம் வரிசையாக வந்தன. இந்தி வரிசையில் விஷயம் தெரியாமலேயே சிரித்தார்கள்.

அந்த இடம் வந்தது. "நான் ஒரு வார்த்தையும் எழுதாம அதுகளோட போட்டோவை மட்டும் போட்டா என்ன பண்ணுவே? எங்க ஆளுங்களுக்கு அதுவே போதும்."

தீபிகா சிரிக்கவில்லை. "அங்கிள், உங்ககிட்ட மட்டும்தான் அவர் உண்மை பேசியிருக்கார்."

பழைய பதிவுகள், என் குறிப்புகள், அவருடைய வசவுகள், இந்தப் படம், கமெண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அவள் மாடலுக்குக் கொடுத்தாள். மேனேஜருக்கு விளங்கும்படி காரணம் எழுது என்றாள். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. தமிழில் சொன்னால் இப்படி:

"தனியாகப் பார்த்தால் இது ஒரு படம். இவர் முன்பு சொன்னவற்றோடு பார்த்தால் இது ஓர் அழைப்பு. ஒரு குறிப்பிட்ட பிறப்பைச் சேர்ந்தவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலமுறை எழுதியவர், எழுத்தை நீக்கிவிட்டு முகத்தை வைத்திருக்கிறார். யாரை என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கிறது. செய்யவும் தொடங்கிவிட்டார்கள். என் முந்தைய முடிவு தவறு."

நான் காலையில் ராவத்திடம் மூச்சிரைக்கச் சொன்னது இதேதான். ஆனால் இத்தனை அழகாக இல்லை. அதிலும் அந்தக் கடைசி வரி! என் உத்தியோகத்தில் நான் ஒருமுறைகூட எழுதாத வாக்கியம் அது. அதையும் மாப்பிள்ளை கூச்சமில்லாமல் எழுதிவிட்டார்.

ராவத் படித்தார். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். பிறகு சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"அங்கிள்ஜி, இதை நீங்க காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

களிம்பு ட்யூப் எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே, "சரி சார்" என்றேன்.

"எடுத்துடுங்க. கணக்கையும் முடக்குங்க."

7. ஒரு பழைய கேள்விக்குப் பதில்

காரணக் குறிப்பு எழுத வேண்டும். மாப்பிள்ளை தயாராக இருந்தார். தீபிகா விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்க எழுதுங்க, அங்கிள். அவர் கேள்வி கேட்டது உங்ககிட்டதானே?"

கைவிரல்கள் தாமாகவே 'தங்களது மேலான' என்று தொடங்கின. அழித்தேன். மாப்பிள்ளையின் மூன்று வரியை மனதில் வைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கம்தான். எழுதியது இது:

"சொல் எதுவும் எழுதாமல் போட்டோவை மட்டும் போட்டால் என்ன செய்வாய் என்று முன்பு ஒருமுறை கேட்டீர்கள். இதைத்தான் செய்வேன். சிரமத்துக்கு வருந்தவில்லை."

அன்று மத்தியானமே பதிவு போயிற்று. கமெண்டுகளும் அதோடு போயின. திங்கட்கிழமை மல்லிகாவிடமிருந்து ஒரு செய்தி, பழையபடி முற்றுப்புள்ளி இல்லாமல். "சார் மீட்டிங்ல காட்ட போட்டோ இல்ல பாஸ் இருக்கு சார் ஆனா அந்த ரெண்டு வீடு போனது போனதுதான் வேற வீடு பாக்குறேன் சர்வீஸ் லிஃப்ட இன்னும் ரிப்பேர் பண்ணல". அந்த இரண்டு வீட்டை என்னாலும் மாப்பிள்ளையாலும் திரும்ப வாங்கிக்கொடுக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் நாம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறோம். அதை மறந்துவிட்டு யாரும் கைதட்டு வாங்கக் கூடாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மாடல்மீது பொறாமைப்படுங்கள், தப்பே இல்லை. அது நன்றாக எழுதுகிறது, எரியத்தான் செய்யும். ஆனால் கமாவுக்கும் ஏசிக்கும் புகார் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாள் ஒரு முகத்துக்காகப் போக வேண்டிவரும். அன்றைக்குக் கதவைத் தள்ளும்போது அவர்கள் டீ சொல்லக் கூடாது. இன்னொன்று: மரியாதையாக நன்றி சொல்கிறவரை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். திட்டுகிறவர் சில சமயம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

மூடிய அப்பீல்களை இப்போது மாடலும் படிக்கிறது. என் நாற்காலிக்கு இன்னொரு கை வந்துவிட்டது.

மறந்துவிட்டேனே. கணக்கு முடக்கப்பட்டால் கடைசியாக ஓர் அப்பீல் உண்டு. அது அந்தத் திங்கட்கிழமையே வந்தது. நன்றி இல்லை, விளக்கினீர்கள் இல்லை. ஒரே வரி.

"நீயா? இன்னும் ரிடையர் ஆகலையாடா கழுதை?"

இரண்டு முறை படித்தேன். தீபிகாவைக் கூப்பிட்டு ஒரு முறை படித்துக் காட்டினேன். பிறகு ராவத் அறைக் கதவைத் தள்ளினேன். புகார் ஒன்றும் இல்லை, சும்மா காட்டத்தான். மூன்று வரிதான் எழுதினேன், அதிலும் பாதி மாப்பிள்ளையின் பாணி. ஆனாலும் மனிதர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிரவு சோறு நன்றாக இறங்கியது. மாப்பிள்ளையை இதுவரை ஒருவர்கூடக் கழுதை என்று சொன்னதில்லை.